துணையின் தூக்கம் குடும்ப நேரத்தைத் தின்னும்போது என்ன செய்வது?

வேலை முடிந்து வந்ததும் சோபாவில் சாய்ந்து உறங்கிவிடும் கணவர், விடுமுறை நாளில் நண்பகல் வரை எழாத மனைவி, பிள்ளைகள் விளையாடக் காத்திருக்கும் வேளையில் அறைக்கதவைச் சாத்திக்கொள்பவர் என இந்தச் சிக்கல் வீட்டுக்கு வீடு வேறுபடும். பெரும்பாலும் அது “இவ்வளவு நேரமா தூங்குவது?” என்ற கேள்வியில் தொடங்கி, “உழைத்துவிட்டு வருகிறவருக்கு ஓய்வுகூட எடுக்கக் கூடாதா?” என்ற பதிலில் முட்டி நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் அந்த வாக்குவாதம் முடிவதே இல்லை. தூக்கத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கேட்பதை விட்டுவிட்டு, குடும்பத்துக்கென்று ஒரு குறிப்பிட்ட விழிப்பு நேரத்தைக் கேட்டுப் பெறுவதுதான் நடைமுறையில் பலன் தரும் வழி. அதற்கு முன்பாக, அந்தத் தூக்கம் ஏன் அந்த வேளையில் வருகிறது என்பதை இருவரும் தெரிந்துகொண்டாக வேண்டும்.

முதலில் இரண்டு வாரங்களுக்கு ஒரு தூக்கக் குறிப்பு எழுதுங்கள். துணைக்குத் தெரியாமல் எழுதினால் அது வேவு பார்ப்பதாகிவிடும் என்பதால், உங்கள் தூக்கத்தையும் அவருடைய தூக்கத்தையும் ஒரே தாளில் எழுதுவது நல்லது. படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம், பகலில் கண்ணயர்ந்த நேரம், கடைசியாகக் காபியோ தேநீரோ குடித்த நேரம் ஆகியவை போதும். ஒரு நாளின் குறிப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “செவ்வாய். இரவு 11.00 மணிக்குப் படுக்கை. 12.30 வரை கைபேசி. காலை 6.30க்கு எழுந்தது. மாலை 6.15 முதல் 8.00 வரை சோபாவில் தூக்கம்.” கூட்டிப் பார்த்தால் மொத்தம் 7 மணி 45 நிமிடம் வருகிறது. பெரியவர்கள் நாள்தோறும் குறைந்தது 7 மணி நேரம் உறங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமியும் தூக்க ஆய்வுச் சங்கமும் 2015இல் சேர்ந்து பரிந்துரைத்தன. அந்தக் கணக்கில் பார்த்தால் இவர் அதிகம் தூங்குபவரே அல்லர். பிள்ளைகள் விழித்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் போய் அந்தத் தூக்கம் உட்கார்ந்திருப்பதுதான் கோளாறு. “எந்நேரமும் தூக்கம்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இந்தத் தாளைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல மாட்டார். “நான் தூங்குவதே இல்லை” என்றவரும் கொஞ்சம் யோசிப்பார்.

மாலைத் தூக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பல வீடுகளில் குடும்ப நேரம் கரைவது அங்கேதான். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உடலில் தூக்கத்தின் தேவை ஏறிக்கொண்டே போகிறது. உறங்கும்போது அது இறங்குகிறது. மாலையில் ஒன்றே முக்கால் மணி நேரம் உறங்கி எழுந்தவருக்கு அந்தத் தேவையின் கணிசமான பகுதி அப்போதே தீர்ந்துவிடுவதால், இரவு 11 மணிக்குப் படுத்தாலும் கண் மூடாது, கைபேசியை எடுப்பார், நள்ளிரவு தாண்டும், காலையில் அலாரம் அடித்தே எழ வேண்டியிருக்கும், மறுநாள் மாலை மீண்டும் சோபா. இது சோம்பல் அல்ல, தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும் சுழற்சி. இதோடு, ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழுப்பப்படுபவருக்குச் சுமார் அரை மணி நேரமாவது தலை கனத்து, பேச்சு எரிச்சலாக வருவது உண்டு. எட்டு மணிக்கு எழுந்தவர் எட்டரை வரை யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். அதற்குள் சிறு பிள்ளைகள் உறங்கப் போய்விடுவார்கள்.

இந்தச் சுழற்சியை உடைக்க, மாலைத் தூக்கத்தை ஒரேயடியாகத் தடை செய்வதைவிடச் சுருக்குவது எளிது. வந்தவுடன், உணவுக்கு முன்பாகவே, 20 நிமிடம் மட்டும் படுத்துக்கொள்ளட்டும். அந்த 20 நிமிடமும் யாரும் கூப்பிடக் கூடாது, விளக்கு அணைந்திருக்க வேண்டும், அலாரத்தை அவரே வைத்து அவரே எழ வேண்டும். குட்டித் தூக்கம் 20 நிமிடத்துக்குள் முடிந்தால் ஆழ்ந்த நிலைக்குப் போகாமலே எழ முடியும் என்பதால் தலை கனமும் குறையும். எழுந்த கையோடு முகம் கழுவி, வெளிச்சமான இடத்தில் நடமாடும் வேலை ஏதாவது இருப்பது உதவும். பிள்ளையைக் குளிப்பாட்டுவதோ சிறு நடை போய் வருவதோ அந்த வேலையாக இருக்கலாம். சோபாவில் உட்கார்ந்தபடி தொலைக்காட்சி பார்ப்பது மட்டும் வேண்டாம். கஃபீனின் பாதியளவு உடலை விட்டு நீங்கவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. எனவே மாலையில் காபி குடித்துச் சமாளிக்கலாம் என்ற யோசனை இரவுத் தூக்கத்தைத்தான் கெடுக்கும். முதல் ஒரு வாரம் கடினமாகவே இருக்கும். அந்த வாரத்தில் இரவு வேலைகளைக் குறைத்து அவரைச் சீக்கிரம் படுக்க விடுங்கள்.

விடுமுறை நாளின் நெடுந்தூக்கம் வேறு வகை. வாரம் முழுக்க ஆறு மணி நேரம் உறங்கியவர் சனிக்கிழமை பத்து மணி நேரம் உறங்குவது கடனை அடைப்பது போன்றது; அதைப் பிடுங்கினால் வார நடுவில் உடல் வேறு வழியில் வாங்கிக்கொள்ளும். வார நாட்களின் இரவைச் சற்று முன்னே நகர்த்துவதுதான் அதற்குத் தீர்வு. சிலருக்கு உடல் கடிகாரமே தாமதமாக ஓடும். அது ஓரளவு மரபணுவோடு வருவது, ஒழுக்கத்தோடு தொடர்புடையதல்ல. எழும் நேரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் வீதம் முன்னுக்குக் கொண்டுவந்து, எழுந்தவுடன் பகல் வெளிச்சத்தில் சிறிது நேரம் இருந்து, இரவில் வெளிச்சத்தைக் குறைத்தால் அந்தக் கடிகாரம் மெல்ல நகரும். ஓரளவுக்கு மேல் நகராது என்பதையும் ஏற்றுக்கொண்டு, அப்படிப்பட்டவருடன் செலவிடும் நேரத்தைக் காலையில் வைக்காமல் மாலைக்கு மாற்றுவது புத்திசாலித்தனம். இரவுப் பணி செய்பவரின் பகல் தூக்கத்தைத் தொடவே கூடாது. பணிக்குக் கிளம்பும் முன் உள்ள ஒரு மணி நேரத்தை வீட்டார் பிடித்துக்கொள்ளலாம்.

குறிப்பில் இரவுத் தூக்கம் எட்டு மணி நேரத்தைத் தாண்டியும் பகலில் கண் சொக்குகிறது என்று தெரிந்தால், பேச்சுவார்த்தைக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பலத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி எழுவது, காலைத் தலைவலி ஆகியவை உறக்க மூச்சுத்தடையின் அடையாளங்கள். இவற்றில் முதல் இரண்டையும் உறங்குபவர் பெரும்பாலும் அறிய மாட்டார், பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல முடியும். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு, மனச்சோர்வு, சில ஒவ்வாமை மாத்திரைகள் ஆகியவையும் அயர்ச்சியைத் தரும். எப்வொர்த் தூக்க அளவுகோல் என்ற எளிய வினாப்பட்டியல், படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது என எட்டுச் சூழல்களில் கண்ணயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் கேட்கிறது. மொத்தம் 24இல் 10ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். அதுவரை, தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்ட விடாதீர்கள். தூங்குவதோடு எதிலும் ஆர்வமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சும் சேர்ந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் உதவி தேடுங்கள்.

இனிப் பேச வேண்டியது. தூங்கி எழுந்த அரை மணி நேரத்திலும், படுக்கப் போகும் வேளையிலும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். பிள்ளையை அனுப்பி “அப்பாவை எழுப்பு” என்று சொல்வதும் கூடாது. எரிச்சலோடு எழுபவரின் முதல் சொல் அந்தக் குழந்தையின் மேல்தான் விழும். தாளை முன்னால் வைத்துக்கொண்டு, உங்களுக்கு எது இல்லாமல் போகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்: “மாலை ஆறிலிருந்து எட்டரை வரை பிள்ளைகளை நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். ஏழிலிருந்து எட்டு வரை நீங்கள் விழித்து எங்களோடு இருக்க வேண்டும். அதற்காக உங்களுக்கு எந்த நேரத்தில் ஓய்வு வேண்டும் என்று சொல்லுங்கள்.” இந்த மூன்று வாக்கியங்களில் குற்றச்சாட்டு இல்லை, கேட்பது என்ன என்பதில் ஐயமும் இல்லை. “குடும்பத்தோடு நேரம் செலவிடுங்கள்” என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

உங்கள் கோபத்தில் எவ்வளவு பங்கு உங்களுடைய தூக்கமின்மையால் வருகிறது என்பதையும் அந்தத் தாளே காட்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒருவர் எட்டு மணி நேரம் உறங்க மற்றவர் ஐந்து மணி நேரத்தைத் துண்டு துண்டாக உறங்குகிறார் என்றால், குடும்ப நேரத்தைப் பேசுவதற்கு முன் தூக்கத்தைப் பங்கிட்டாக வேண்டும். சனிக்கிழமை ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மற்றவர் என்று மாறி மாறி நெடுநேரம் உறங்கும் ஏற்பாடு பல வீடுகளில் எளிதாகப் பொருந்துகிறது. அன்று எழுந்திருப்பவர் குழந்தைகளோடு வெளியே போய்விட்டால் சத்தம் பற்றிய சச்சரவும் இல்லை.

பேசி முடிவானதை மாதத்துக்கு ஒருமுறை மட்டும் சரிபாருங்கள், தினமும் கணக்குக் கேட்காதீர்கள். ஏற்கெனவே முடிவான பயணத்துக்கு அவர் எழவில்லையென்றால், சொன்ன நேரத்தில் பிள்ளைகளோடு கிளம்பிவிடுங்கள். அதைத் தண்டனையாகச் செய்யாமல், போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். உடலில் குறையில்லை என்று மருத்துவர் சொல்லி, இரவுத் தூக்கமும் போதுமானதாக இருந்து, ஒப்புக்கொண்ட அந்த ஒரு மணி நேரமும் வாரக்கணக்கில் கிடைக்கவில்லையென்றால், அவர் வீட்டில் எதிலிருந்தோ ஒதுங்கவே படுக்கையை நாடுகிறார் என்று கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் அலாரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. இருவருமாகக் குடும்பநல ஆலோசகரைப் பார்க்க நாள் குறியுங்கள், அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய் வாருங்கள்.