பி.எட். பயிற்சிக்குப் போகும் ஆங்கில ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

"புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது மிஸ்!" என்று 40 குரல்கள் ஒரே சுருதியில் திரும்பி வந்தன. மறுநாள் அதே பாடத்தில் 10 மதிப்பெண்ணுக்கு ஒரு சிலிப் டெஸ்ட் வைத்தேன். பாதிப் பேர் கேள்வியையே விடையாக எழுதி வைத்திருந்தார்கள்.

பி.எட். 2015-இல் இரண்டாண்டுப் படிப்பாக மாறியதிலிருந்து, பயிற்சி மாணவர்கள் குறைந்தது 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் வரும். அந்த 16 வாரத்தை நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுத்துக் கழித்தேன். (பத்தாம் வகுப்பைப் பெரும்பாலும் நம் கையில் தர மாட்டார்கள். பொதுத்தேர்வு ஆண்டு என்ற கவலை.) அங்கே நான் செய்த தவறுகளை இங்கே எழுதுகிறேன். அடுத்து போகிறவர்கள் முதல் வாரத்திலேயே இவற்றைத் தவிர்த்துவிட்டால், பிள்ளைகளுக்கு அத்தனை வாரங்கள் மிச்சம்.

"புரிந்ததா?" என்று கேட்பது

இந்தக் கேள்வியால் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. "புரியல" என்று ஒரு பிள்ளை சொன்னால் அடுத்து நாம் கேட்பது "என்ன புரியல?" என்பதுதான். அதைச் சொல்லத் தெரிந்தவன் பாதி புரிந்துகொண்டவன். மீதிப் பேருக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, பிள்ளைகளைச் செய்து காட்டச் சொன்னேன். பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கால் பக்கத் தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதித் தரச் சொல்வேன். 40 துண்டுத் தாளைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். நாளைக்கு எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டால் காத்திருக்கவும் வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியபோது விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நம் வகுப்பில் மூன்று நொடியும் போதாது என்பது என் அனுபவம். ஆங்கிலக் கேள்வியைத் தமிழில் வாங்கி, தமிழில் விடை தேடி, அதை மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். நான் மனசுக்குள் பத்து வரை எண்ணப் பழகினேன். அந்த அமைதி முதலில் பயமாகத்தான் இருக்கும். நம் பாடத்தைக் கவனிக்கும் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர் பின்னால் உட்கார்ந்திருந்தால் இன்னும் பயம். ஆனால் அவசரப்பட்டு முன்பெஞ்சு மாணவியைக் கூப்பிட்டு விடை வாங்கிவிட்டால், மற்ற பிள்ளைகள் யோசிப்பதை அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள்.

முழுக்க ஆங்கிலம், இல்லாவிட்டால் வரிக்கு வரி தமிழ்

முதல் வாரம் ஆங்கிலத்திலேயே பேசினேன். கல்லூரியில் எழுதிப் பழகிய பாடக்குறிப்பு அப்படித்தான் இருந்தது. வகுப்பு அமைதியாக இருந்ததைக் கவனம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் வாரம் அதற்கு நேர்மாறாகப் போய், ஒரு வரி வாசித்து ஒரு வரி தமிழில் சொன்னேன். பிள்ளைகள் உற்சாகமாகக் கேட்டார்கள், ஆனால் தமிழ் வரிக்காகத்தான் காத்திருந்தார்கள். ஆங்கில வரி அவர்கள் காதில் விழவே இல்லை.

கடைசியில் கைகொடுத்தது ஓர் எளிய வழி. கதையைத் தமிழில் இரண்டு நிமிடம் சொல்லி, முக்கியமான இடத்தில் நிறுத்திவிடுவேன். "அப்புறம் என்ன ஆச்சுன்னு புக்ல இருக்கு, கண்டுபிடிங்க." என்ன நடந்தது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்கிற பிள்ளை, தெரியாத சொல்லையும் தாண்டிப் போய்த் தேடுகிறது.

இலக்கணத்தில் தமிழை ஒளித்து வைப்பது இதைவிடப் பெரிய தவறு. "மை மதர் டீச்சர்" என்று ஒரு பையன் எழுதினால், 'இஸ்' எங்கே என்று சிவப்பு மையால் சுழிக்கிறோம். அவன் அலட்சியமாக எழுதவில்லை. "எங்க அம்மா டீச்சர்" என்பது தமிழில் முழுமையான வாக்கியம், அங்கே 'இஸ்' என்பதற்கு இடமே கிடையாது. "டென் கோட்" என்று எழுதியவனும் தமிழைச் சரியாகவே பின்பற்றியிருக்கிறான். "வீட்ல பத்து ஆடு இருக்கு" என்றுதான் நாம் எல்லோரும் பேசுகிறோம். எண் முன்னால் வந்துவிட்டால் பன்மை விகுதி தேவையில்லை. "எனக்கு ரெண்டு தங்கச்சி" என்பது "மீ டூ சிஸ்டர்" ஆவதும் இப்படித்தான்.

ஒருநாள் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் தமிழ் வாக்கியம், வலப்பக்கம் ஆங்கிலம். எது கூடுதலாக இருக்கிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னேன். அந்த ஒரு பீரியட், அதற்கு முன் நடத்திய ஒரு வார இலக்கணத்தைவிட அதிகம் பயன் தந்தது. தங்கள் மொழிக்கும் ஒழுங்கான விதி இருக்கிறது, தாங்கள் எழுதிய தவறு முட்டாள்தனம் இல்லை என்று தெரிந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மதிப்பெண் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவது

தாள் கைக்கு வந்ததும் பிள்ளைகள் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அப்புறம் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். நான் ராத்திரி உட்கார்ந்து ஓரத்தில் எழுதிய குறிப்புகளை யாரும் படிக்கவில்லை. ரூத் பட்லர் இஸ்ரேலில் நடத்திய, 1988-இல் வெளிவந்த ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. வெறும் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த முறை முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து பெற்றவர்களுக்கு, குறிப்பினால் தனிப் பலன் எதுவும் கிடைக்கவில்லை.

காலாண்டு, அரையாண்டில் மதிப்பெண் போடாமல் இருக்க முடியாது, சரி. சிலிப் டெஸ்ட் நம் கையில்தானே இருக்கிறது. அதில் மதிப்பெண்ணை என் நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டு, தாளில் ஒரே ஒரு குறிப்பு எழுதினேன். திருத்தி எழுத வகுப்பிலேயே பத்து நிமிடம் கொடுத்தேன். ஒரு தாளில் எட்டுத் தவறு இருந்தாலும் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். எட்டையும் சுழித்தால் அந்தப் பிள்ளைக்குத் தெரிவது சிவப்பு நிறம் மட்டும்தான்.

இன்னொன்று. தேர்வுத் தாள் நமக்கும் மதிப்பெண் போடுகிறது. 40 பேரில் 30 பேர் ஒரே கேள்வியில் தவறினால், நான் நடத்தியது சரியில்லை என்று அர்த்தம், மறுபடி நடத்தத்தான் வேண்டும். பி.எட். சாதனைத் தேர்வு ரெக்கார்டில் (நாம் நடத்திய பாடத்தில் தேர்வு வைத்து, முடிவைப் பதிவு செய்யும் நோட்டு) எந்தக் கேள்வியில் எத்தனை பேர் தவறினார்கள் என்று கேள்வி வாரியாக அட்டவணை போடச் சொல்வார்களே, பலர் கடைசி வாரத்தில் கற்பனை எண்களை நிரப்பி முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதை உண்மையாகப் போடுங்கள். மொத்த ரெக்கார்டிலும் வகுப்புக்கு நேரடியாக உதவும் பக்கம் அதுதான்.

பொதுத்தேர்வுக்குச் சரணடைவது

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத் தாளின் 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்குத்தான். பேசுவதற்கோ கேட்டுப் புரிந்துகொள்வதற்கோ ஒரு மதிப்பெண் கிடையாது. அதனால் எட்டாம் வகுப்பிலேயே பேச்சு நின்றுபோகிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஆனால் தேர்வைத் திட்டிக்கொண்டே இருப்பதும் பிள்ளைக்கு உதவாது, அதை எழுதித் தேற வேண்டியது அவர்கள்தான்.

அந்தத் தாளுக்குள்ளேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. ஒரு படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதும் கேள்விக்கு 5 மதிப்பெண். எந்தப் படத்துக்கும் பொருந்துகிற ஐந்து வாக்கியத்தை மனப்பாடம் செய்யவைத்து அதைக் கடக்கிறவர்கள் உண்டு. "திஸ் இஸ் எ நைஸ் பிக்சர்" என்று ஆரம்பிக்கும், படம் விபத்தாக இருந்தாலும். 35 மதிப்பெண் வாங்கித் தேறவேண்டிய பிள்ளைக்கு அது உதவுகிறது என்பார்கள். எட்டாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு படத்தைக் காட்டி முதலில் பேசவைத்து, பிறகு எழுதவைத்தால், அதே 5 மதிப்பெண் வரும், மொழியும் வரும்.

வாசிக்கத் தெரியாத பிள்ளையை "ஸ்லோ லேர்னர்" பட்டியலில் எழுதி வைப்பது

எட்டாம் வகுப்பில் ஆங்கில எழுத்துக் கூட்டத் தெரியாத ஆறு பேர் இருந்தார்கள். வாசிக்கச் சொன்னால் தலை குனிவார்கள், இல்லையென்றால் சேட்டை செய்வார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இவர்களுக்கு நான் ஒரு பாவமும் செய்தேன். எழுத்துப் பிழைக்காக ஒரே சொல்லை 50 தடவை இம்போசிஷன் எழுத வைத்தேன். வாசிக்கத் தெரியாத சொல்லை 50 தடவை எழுதுவது அவர்களுக்குக் கோலம் போடுவது மாதிரிதான்.

பிறகு மதிய உணவு இடைவேளையில் 15 நிமிடம் அவர்களோடு உட்கார்ந்தேன். 'பல்', 'பஸ்' இரண்டையும் தமிழில் ஒரே 'ப'-வில்தான் எழுதுகிறோம். 'காக்கா', 'காந்தி' இரண்டுக்கும் ஒரே 'கா'. ஆனால் சொல்லிப் பார்த்தால் ஒலி வேறு, அது அவர்கள் காதுக்கு ஏற்கெனவே தெரியும். "தமிழ்ல ரெண்டு சத்தத்துக்கு ஒரே எழுத்து, இங்கிலீஷ்ல ஆளுக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான்" என்றதும் ஒருவன் "அட" என்றான். அங்கிருந்து மூன்றெழுத்துச் சொற்களுக்குப் போனோம். முதல் வகுப்புப் புத்தகத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். 13 வயதுப் பையனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. கடைப் பலகை, பஸ் பலகை, பிஸ்கட் உறை இருக்கின்றன.

முதல் வாரத் தேர்வுத் தாள்களைத் திருப்பித் தரும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 16-ஆவது வாரத்தில் அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். "டென் கோட்" எழுதியவன் தன் பழைய தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நான் எதுவும் சொல்லாமலேயே பேனாவை எடுத்து 'எஸ்' சேர்த்துக்கொண்டான்.