மருத்துவக் கருவியோடு வாழ்பவரைக் கொண்டாடும் போஸ்டர்: தொடக்கநிலைச் செய்முறை

கருவியைப் பெரிதாகவும் ஆளைச் சிறிதாகவும் வைத்தால் போஸ்டர் விளம்பரமாகிவிடும். சோர்ந்த முகமும் மருத்துவமனைக் கட்டிலுமாக வைத்தால் நன்கொடை கேட்பதுபோல் ஆகிவிடும். பேஸ்மேக்கரோ இன்சுலின் பம்போ செயற்கைக் காலோ உள்ள ஒருவர் தன் வேலையைத் தானே பார்ப்பது தெரிந்தால் போதும். இங்கே ஏ3 அளவில் செய்வோம்.

படி 1: ஒப்புதல்

எழுத்தில் வாங்குங்கள். படம், பெயர், கருவி, நோய் ஆகிய நான்குக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பெயர் போடலாம், நோயைச் சொல்ல வேண்டாம் என்பவர்கள் உண்டு. எங்கே ஒட்டப்படும், இணையத்தில் வருமா, எத்தனை நாள் இருக்கும் என்பதும் அதில் வரட்டும். குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்தோடு குழந்தையின் சம்மதமும் வேண்டும்.

படி 2: தலைப்பு வரி

"கருவி வந்தபின் என்ன மாறியது?" என்று கேட்டால் "வாழ்க்கையே மாறிவிட்டது" என்ற பதில்தான் வரும். அதை வைத்துப் போஸ்டர் செய்ய முடியாது. "நேற்று காலையிலிருந்து இரவுவரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். மாடி ஏறியது, போனில் பேசியது, இரவு முழுக்கத் தூங்கியது என்று படமாகக்கூடிய விஷயங்கள் கிடைக்கும். அதில் ஒன்றை நாலைந்து சொற்களில் எழுதுங்கள்.

மிகைப்படுத்தாதீர்கள். காது கேளாதவருக்குப் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் இயல்பான செவித்திறனைத் திருப்பித் தருவதில்லை. ஒலியை மின்துடிப்பாக்கிச் செவி நரம்புக்கு அனுப்புகிறது, அதற்குப் பழகப் பயிற்சி வேண்டும். பேஸ்மேக்கர் துடிப்பைச் சீராக வைக்கிறது, இதயநோயைக் குணமாக்குவதில்லை. "முழுமையாகக் குணமானார்" என்று எழுதினால், அதே கருவி வைத்திருப்பவர்தான் முதலில் முகம் சுளிப்பார்.

பழகிப் பார்க்க நல்ல பாடம் ஆர்னே லார்சன். 1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில், உடலுக்குள் முழுதாகப் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கரைப் பெற்றவர். அந்தக் கருவி சில மணி நேரமே இயங்கியது. அடுத்தடுத்து 20க்கும் மேற்பட்டவை மாற்றப்பட்டன. கருவியை வடிவமைத்த ரூனே எல்ம்க்விஸ்ட், பொருத்திய ஓக்கே சென்னிங் இருவரும் காலமான பிறகும் வாழ்ந்து, 2001இல் 86 வயதில் மறைந்தார். "முதல் கருவி: சில மணி நேரம். லார்சன்: மேலும் 43 ஆண்டுகள்." இதற்குப் படமே தேவையில்லை. பழைய புகைப்படங்களுக்கு உரிமைச் சிக்கல் வரலாம், எழுத்தை மட்டுமே வைத்துச் செய்யுங்கள்.

படி 3: படம்

கேமரா அவருடைய கண் மட்டத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் ஆள் ஒடுங்கித் தெரிவார். செயற்கைக் கால் என்றால் காலை மட்டும் வெட்டிக் காட்டாதீர்கள், முகமும் ஒரே சட்டத்தில் வேண்டும். காக்ளியர் இம்பிளான்டின் வெளிப்பகுதி காதுக்குப் பின்னாலும் தலையிலும் இருக்கும். கருவி உள்ள பக்கமாக, முகம் முக்கால்வாசி திரும்பிய கோணத்தில் எடுங்கள். பேஸ்மேக்கர் வெளியே தெரியாது. அதற்காக எக்ஸ்ரேயை ஒட்டினால் ஓரத்தில் பெயரும் நோயாளி எண்ணும் இருக்கும், அழித்துவிடுங்கள். பம்ப் திரையில் தெரியும் சர்க்கரை அளவு, கருவியின் வரிசை எண் இரண்டையும் மறைக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கியிருக்கும், அச்சில் மங்கும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

படி 4: அளவும் அமைப்பும்

ஏ3 என்பது 297 × 420 மி.மீ. நான்கு பக்கமும் வெட்டுக்காக 3 மி.மீ. கூட்டினால் கோப்பு 303 × 426. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ3க்கு 3508 × 4961 பிக்சல் தேவை. எழுத்து எதையும் ஓரத்திலிருந்து 10 மி.மீ.க்குள் வைக்காதீர்கள்.

பக்கத்தில் பாதிக்குமேல் படத்துக்கு விடுங்கள். தலைப்பு 80 முதல் 100 பாயின்ட், விவரம் 24, மிகச் சிறியது 18. தலைப்பு நான்கு வரிக்கு மேல் போனால் எழுத்தைக் குறைக்காமல் சொல்லை வெட்டுங்கள்.

படி 5: தமிழ் எழுத்து

நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன் போன்ற யூனிகோட் எழுத்துருவை எடுங்கள். யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த வரியை இதில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக உதிரும். இல்லஸ்ட்ரேட்டரிலோ ஃபோட்டோஷாப்பிலோ "கொ" உடைந்து கொம்பு தப்பான இடத்தில் நின்றால், பத்தி அமைப்பில் இந்திய மொழிகளுக்கான தேர்வை எடுங்கள் (பெயரில் "வேர்ல்ட்-ரெடி" அல்லது "சவுத் ஏஷியன்" என்று இருக்கும்). எழுத்திடைவெளியைக் கூட்டாதீர்கள், துணைக்கால் தனியே விலகி நிற்கும். வரியிடைவெளி எழுத்தளவைப்போல் 1.4 மடங்காவது இருக்கட்டும். குறைந்தால் மேல்வரியின் "கு", "மூ" கீழ்வரியின் புள்ளியோடு மோதும்.

படி 6: நிறமும் அச்சும்

எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5:1 ஆவது வேண்டும். படத்தின்மேல் எழுதுவதானால் அந்த இடத்தை மட்டும் இருட்டாக்குங்கள். ஆஃப்செட் அச்சு என்றால் அச்சின் நான்கு மை நிறங்களான சிஎம்ஒய்கேயில் (நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) பாருங்கள், திரையில் பளிச்சிடும் பச்சையும் நீலமும் அதில் மங்கும். சிறிய எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் போதும். நான்கு மையும் கலந்தால், அச்சில் ஒரு மை சற்று நகர்ந்தாலும் விளிம்பு கலங்கும்.

ஏ4இல் ஒரு நகல் எடுத்துச் சுவரில் ஒட்டி, 2 மீட்டர் தள்ளி நின்று படியுங்கள். ஏ3யை ஏறக்குறைய 3 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். அதைப் படத்தில் உள்ளவரிடமும் காட்டிச் சரி வாங்குங்கள். பிறகு எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றிப் பிடிஎஃப் எடுங்கள். மாற்றியபின் பிழை திருத்த முடியாது என்பதால், திருத்தக்கூடிய கோப்பை வேறு பெயரில் முன்பே சேமித்துவிடுங்கள்.