பழைய ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார்சைக்கிளில் பின் அப்சோர்பர் (அதிர்வுதாங்கி) மாற்றுவது

பின்சீட்டை இரு கையாலும் அழுத்தி விடுங்கள். ஒரே எழும்பில் நின்றால் அப்சோர்பரில் இன்னும் உயிர் இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஆடினால் போய்விட்டது. அப்சோர்பர் தண்டில் பிசுபிசுவென்று எண்ணெய் தெரிந்தால் சோதனையே வேண்டாம். மழைச் சேறும் துருவும் தண்டைக் கீறும், கீறல் எண்ணெயை அடைத்து நிற்கும் சீல் வளையத்தை அறுக்கும், எண்ணெய் கசிந்துவிடும். பிறகு துள்ளலை அடக்க ஆளில்லாமல் ஸ்பிரிங் மட்டும் குதிக்கும்.

ஒரு பக்கம்தான் கசிகிறது என்றாலும் ஜோடியாகவே மாற்றுங்கள். வாங்கும் முன் மோட்டாரை டபுள் ஸ்டாண்டில் (நடு ஸ்டாண்டில்) ஏற்றி, அப்சோர்பரின் மேல் ஓட்டையின் நடுவிலிருந்து கீழ் ஓட்டையின் நடுவரை அளந்து கொள்ளுங்கள். 'பார்க்க அழகாக இருக்கும்' என்று நீளமானதைப் போட்டால் டபுள் ஸ்டாண்டில் நிறுத்தினாலும் பின்சக்கரம் தரையைத் தொடும், செயின் தொய்வும் மாறும். குட்டையாக இருந்தால் டயர் மட்கார்டில் இடிக்கும்.

பினாங்கில் ஜெலுத்தோங், பட்டர்வொர்த் பக்கம் கடற்காற்றில் நிற்கும் மோட்டார்களில் நட்டு லேசில் அசையாது. முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். 12, 14, 17 மி.மீ. சாக்கெட் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஓப்பன் ஸ்பானரால் முறுக்கினால் மூலை மழுங்கிவிடும்.

சிமெண்டுத் தரையில் டபுள் ஸ்டாண்டு போட்டு, எக்ஸாஸ்ட் ஆறிய பிறகு தொடங்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கம். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் சக்கரம் தொங்கிவிடும், ஓட்டைகளை நேர்படுத்தவே அரை நாள் போகும். கழற்றும் முன் வாஷர் வரிசையைக் கைப்பேசியில் படம் எடுங்கள். புதியது ஓட்டையில் சற்றுத் தள்ளி நின்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். டயருக்கு அடியில் பலகை கொடுத்து மெல்ல நெம்பினால் தானாக உட்காரும். கிரீஸ், அப்சோர்பர் மாட்டும் கம்பியில் மட்டும் மெலிதாக. ஓட்டைக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும்.

பலரும் கோட்டை விடும் இடம் மேல் நட்டு. அது தொப்பி நட்டு. வெளி வாஷரை மறந்தால் தொப்பியின் அடிப்பகுதி கம்பி நுனியில் முட்டி 'இறுகிவிட்டது' போலத் தோன்றும். ஆனால் அப்சோர்பர் உள்ளே லொடலொடக்கும். முடுக்கிய பின் அப்சோர்பரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள்.

கடைசி முடுக்கலை மோட்டாரை இறக்கி, ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது செய்யுங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங் இறுக்கம் மாற்றும் வளையம் இருந்தால் இருபுறமும் ஒரே படியில் வையுங்கள்.

100 கிலோமீட்டர் ஓடியதும் நான்கு இடத்தையும் மறுபடி பாருங்கள். வளைவில் பின்பக்கம் இன்னும் நெளிந்தால் அப்சோர்பரைத் திட்ட வேண்டாம். சக்கரத்தைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் சுவிங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ் அல்லது சக்கர பேரிங் தேய்ந்திருக்கும். அது வேறொரு நாள் வேலை.