மைக்ரோவேவில் பொறி பறந்தது நின்ற கதை

சூடாக்கும்போதெல்லாம் உள்சுவரில் படபடவென்று பொறி பறந்தது. வைத்ததோ கண்ணாடிப் பாத்திரம், உலோகம் எதுவும் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால், பக்கச் சுவரில் இருந்த மைக்கா தகட்டில் (வெப்பம் தாங்கும் மெல்லிய கனிமத் தாள்) எண்ணெய் தெறித்துக் கருகியிருந்தது. மேக்னட்ரான் என்ற, அலைகளை உருவாக்கும் பாகம் அனுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைகள் அதன் வழியாகத்தான் உள்ளே வந்து, உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடாக்குகின்றன. கரி மின்சாரத்தைக் கடத்துமே, அதுதான் பொறி!

துடைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. தகட்டில் ஓட்டையே விழுந்திருந்தது. புது மைக்கா தாள் வாங்கி, பழையதை வைத்து வரைந்து வெட்டிப் பொருத்தினேன். அப்புறம் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்து ஓட்டினேன், பொறி இல்லை. (காலியாக ஓட்டக்கூடாது, அலைகளை உறிஞ்ச உள்ளே ஏதாவது வேண்டும்.)

வெளிக்கூட்டை மட்டும் நான் தொடவே இல்லை. பிளக்கை எடுத்த பிறகும், அதற்குள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டரில் ஆளையே கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.