வேலைத்தலத்தில் போதைப்பொருள் பரிசோதனை: முதலாளி எதைக் கேட்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்

ஐஸ் (மெத்தம்பெட்டமின்), ஹெரோயின், போதை மாத்திரை என்ற பேச்சு காதில் விழாத ஊர் இன்று யாழ்ப்பாணத்தில் அரிது. தன் டிப்பரின் சாவியை வாங்கிச் செல்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று அறிய ஒரு முதலாளி விரும்புவது நியாயமே. அதற்காகச் சிறுநீரில் போதைப்பொருளைத் தேடும் பரிசோதனைக் கீற்றுகளை வாங்கி வந்து, எல்லாப் பணியாளர்களையும் வரிசையில் நிறுத்தி, "ஒன்றும் இல்லையென்றால் ஏன் பயப்படுகிறாய்?" என்று கேட்பது நியாயமாகாது. இந்தப் பணியாளர் இந்த வேலையைத் தனக்கும் பிறருக்கும் ஆபத்தின்றி இப்போது செய்யக்கூடியவரா என்பதே முதலாளிக்கு அறிய உரிமையுள்ள விடயம். அவர் உட்கொள்ளும் மருந்து, அவருக்கு இருக்கும் நோய், விடுமுறை நாளில் அவர் யாருடன் இருந்தார் என்பவையெல்லாம் அந்த எல்லைக்கு வெளியே நிற்பவை. இங்கே சொல்லப்படும் வழிமுறை முழுவதும் அந்த எல்லையைக் காப்பதற்கானது.

முதலில் வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். பஸ், டிப்பர் ஓட்டுவோர், மர ஆலையில் வாளருகே நிற்போர், உயரத்தில் மின் இணைப்பு வேலை செய்வோர், நோயாளருக்கு மருந்து கொடுப்போர் ஆகியோரின் சிறு தடுமாற்றமும் உயிரைப் பறிக்கக்கூடும். புடவைக் கடையில் துணி எடுத்துக் காட்டுபவருக்கும் கணக்கெழுதுபவருக்கும் அந்த நியாயம் பொருந்தாது. ஆபத்தான வேலைகளுக்கு மட்டும் பரிசோதனையை வைத்துக்கொண்டு, மற்றவர்களை வேலையின் தரத்தாலும் வரவாலும் மதிப்பிடுவது போதும். முதல் நாள் இரவுச் சாராயத்தின் மயக்கம் தீராமல் வரும் சாரதியைக் கண்டும் காணாமல் விடும் நிறுவனம் கஞ்சாவுக்கு மட்டும் பரிசோதனை வைப்பது நேர்மையன்று. ஆகவே விதி மதுவுக்கும் சேர்த்தே இருக்க வேண்டும்.

அந்த விதியை எளிய தமிழில் எழுதி, வேலைக்குச் சேரும்போதே ஒரு பிரதியைக் கையில் கொடுங்கள். எந்தெந்த வேலைகளுக்குப் பரிசோதனை உண்டு, எந்தச் சூழ்நிலையில் அது கோரப்படும், எந்தப் பொருட்கள் தேடப்படும், முடிவை யார் பார்ப்பார், அது எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும், மறுத்தால் என்ன நடக்கும் என்பவை அதில் இருக்க வேண்டும். தனியார் வேலைத்தலப் பரிசோதனைக்கெனத் தனிச் சட்டம் இல்லாத நம் நாட்டில், முன்கூட்டியே எழுதப்பட்ட இந்தத் தாளே இரு தரப்பினருக்கும் பாதுகாப்பு. சம்பளத்துக்காகக் காத்திருப்பவரிடம் வாங்கும் கையொப்பத்தை முழு மனதான சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் விதியை எழுதுபவர் மனதில் வைத்திருக்க வேண்டும்.

சந்தேகம் எழும்போது, பரிசோதனையைப் பற்றி நினைப்பதற்கு முன் கண்டதை எழுதுங்கள். "காலை 8 மணிக்கு வாகனத்தைப் பின்னெடுக்கும்போது மதிலில் இடித்தார், பேச்சுக் குழறியது, கேட்ட கேள்விக்கு மறுமொழி வரவில்லை" என்பது பதிவு. "ஆளைப் பார்த்தாலே தெரிகிறது" என்பதும், இன்ன ஊர்ப் பொடியன் என்பதும் பதிவாகா. கண்ணால் கண்ட இருவர் தனித்தனியே எழுதிக் கையொப்பமிட்டபின், பணியாளரைத் தனியறைக்கு அழைத்து, அவருடைய விளக்கத்தைக் கேட்டு, அன்றைய ஆபத்தான வேலையிலிருந்து மட்டும் அவரை விலக்கி, வைத்தியரிடம் காட்டியபின் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புங்கள். நீரிழிவு உள்ள ஒருவருக்குச் சீனி குறைந்தாலும் கை நடுங்கும், நாக்குக் குழறும். அதனால் அந்த நிலையில் முதலில் தேவைப்படுவது வைத்தியர்தான்.

பரிசோதனையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அநியாயம் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கிறது. சிறுநீர்க் கீற்றில் இரண்டு கோடுகள் தெரிந்தால் பொருள் காணப்படவில்லை என்று அர்த்தம். கீற்று சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு இருக்க, பொருளைத் தேடும் பரிசோதனைக் கோடு தோன்றாமல் போனால்தான் சந்தேகம். இரண்டாவது கோடு மிக மங்கலாகத் தெரிந்தாலும் அது இல்லை என்ற முடிவே. கர்ப்பப் பரிசோதனையிலும் கொவிட் பரிசோதனையிலும் பழகிய கண் இதை நேர்மாறாக வாசித்துவிடும். சரியாக வாசித்தாலும் கீற்றுச் சொல்வது முதற்கட்டச் சந்தேகத்தை மட்டுமே. சளிக்குக் கொடுக்கப்படும் சூடோஎபெட்ரின் போன்ற மருந்து ஐஸ் வகைக்கான கீற்றைத் தவறாகக் காட்டச் செய்யலாம். கோடீன் கலந்த இருமல் மருந்து ஹெரோயின் வகைக்கான கீற்றில் தென்படலாம். நாட்டு வைத்தியத்தில் கஞ்சா சேர்ந்த லேகியங்களும் உள்ளன. ஆகவே கீற்று சந்தேகம் காட்டினால், அதே மாதிரியை ஆய்வுகூடத்தில் வாயு நிறவரைவியலும் நிறைநிறமாலையியலும் சேர்ந்த (GC-MS எனப்படும்) முறையில் உறுதிப்படுத்தும் வரை எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. மாதிரியை இரண்டாகப் பிரித்து, பணியாளரின் கண்முன்னே முத்திரையிட்டு, ஒன்றை மறுபரிசோதனைக்காக வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு வரம்பும் உண்டு. ஐஸ் சிறுநீரில் ஏறத்தாழ 2 முதல் 4 நாள் வரை தெரியும். நாள்தோறும் கஞ்சா பாவித்தவரிடம் அதை நிறுத்தி 30 நாள் சென்ற பின்னரும் அதன் எச்சம் தென்படக்கூடும். எனவே சிறுநீர் முடிவு உடலில் ஒரு பொருள் சென்றதைக் காட்டுமேயன்றி, அந்த நேரத்தில் ஆள் மயக்கத்தில் இருந்தாரா என்பதைக் காட்டாது. மறுபுறத்தில், இங்கே போதைக்காகப் பரவலாகப் பாவிக்கப்படும் பிரகபாலின் மாத்திரை சாதாரணக் கீற்றில் அகப்படாது. நீரிழிவால் கால் எரிவுள்ள பலர் அதே மாத்திரையை வைத்தியர் எழுதிக் கொடுத்தபடி எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவரின் சட்டைப் பையில் அந்த அட்டையைக் கண்டு குற்றவாளியாக்குவதைவிடக் கொடுமை வேறில்லை.

இதனால்தான் முடிவு நேராக முதலாளியின் கைக்குப் போகக் கூடாது என்கிறேன். அது வைத்தியரிடம் போகட்டும்; பணியாளர் தன் கிளினிக் கொப்பியையும் அவரிடம் காட்டட்டும். வைத்தியர் நிறுவனத்துக்கு "இந்த வேலைக்குத் தகுதி", "தற்போது தகுதியில்லை" என்ற ஒரு வரியை மட்டும் எழுதட்டும். உடல்நலத் தகவலை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறப்பு வகைத் தரவாகக் கொள்கிறது. அதன் ஏற்பாடுகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போடப்பட்டிருந்தாலும் அந்த அளவுகோலை இன்றே கடைப்பிடிக்கலாம். அந்தக் கடிதத்தைப் பூட்டிய அலுமாரியில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். காலையில் அலுவலகத்தில் சொன்னது பின்னேரம் சந்தைக்கு வந்துவிடும் ஊர் இது. ஒரு வதந்தியால் தங்கையின் கல்யாணப் பேச்சும் குழம்பும்.

பைகளையும் உடலையும் வலுக்கட்டாயமாகச் சோதிக்க வேண்டாம். வேலைத்தலத்தில் போதைப்பொருளே கிடைத்தால் அதைத் தொட்டு மேசை லாச்சியில் வைக்காமல், சாட்சியோடு பொலிசுக்கு அறிவியுங்கள்.

தகுதியில்லை என்று வந்தால், தானாக உதவி கேட்பவருக்கு விடுமுறையும் சிகிச்சைக்குப் பின் திரும்பும் வழியும் கொடுப்பதே முதல் தெரிவாக இருக்கட்டும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவையும் நாடலாம். வேலைநீக்கம் தவிர வேறு வழியில்லை என்றால், குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, முறையான விசாரணை நடத்துங்கள். வேலையாட்களின் வேலையை முடிவுறுத்துவது பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் ஒழுக்காற்று நடவடிக்கையாக ஒருவரை நீக்கினால், இரண்டாவது வேலை நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

பணியாளராகிய உங்களிடம் பரிசோதனை கேட்கப்பட்டால், மறுத்துக் கத்துவதற்கு முன் எழுத்திலான விதியைக் கேளுங்கள். எடுத்துவரும் மருந்துகளின் பட்டியலை மூடிய உறையில் வைத்தியருக்கு மட்டும் கொடுங்கள். மாதிரி முத்திரையிடப்படுவதைப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். உறுதிப்படுத்திய அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். "நீயே விலகிவிடு, பேர் கெடாது" என்று நீட்டப்படும் விலகல் கடிதத்தில் அந்த இடத்திலேயே கையொப்பமிடாதீர்கள். வேலை நீக்கப்பட்டால் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்க வேண்டும்; சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குச் செல்லும்போது நியமனக் கடிதத்தையும், சம்பளச் சிட்டைகளையும், நீக்கற் கடிதம் வந்த உறையையும் எடுத்துச் செல்லுங்கள். உறையின் மேலுள்ள தபால் முத்திரைத் திகதியும் சான்றாக உதவக்கூடும்.