பெங்களூரில் கிரிப்டோ கம்பெனிக்கு கரண்ட் அக்கவுண்ட் தொடங்குவது எப்படி?

கிரிப்டோ தொழிலில் இறங்கும் நம்மவர்கள் பலரும் முதலில் முட்டி நிற்கும் இடம் வங்கிதான். ஆப் தயார், ஆட்கள் தயார், கரண்ட் அக்கவுண்ட் மட்டும் இழுத்துக்கொண்டே போகும். வங்கிக்குத் தயக்கம் இருப்பது உண்மை. ஆனால் அந்தத் தயக்கத்தைத் தீர்க்கிற காகிதங்களை முன்கூட்டியே தயார் செய்தால் பாதி வேலை முடிந்துவிடும். கோரமங்களாவிலோ எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலோ கிளை மேலாளர் எதிரில் உட்காரும் முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: சட்டம் என்ன சொல்கிறது?

2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை தரக் கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்புறமும் சில வங்கிகள் பழைய உத்தரவையே காட்டிக்கொண்டிருந்ததால், இனி அதைக் காரணமாகச் சொல்லாதீர்கள் என்று 2021 மே 31 அன்று ரிசர்வ் வங்கியே சுற்றறிக்கை அனுப்பியது. அதன் நகல் ஒன்று உங்கள் ஃபைலில் இருக்கட்டும். ஆனால் அதை வைத்து வாதாட வேண்டாம். வாடிக்கையாளரைத் தீர விசாரிக்கும் பொறுப்பு வங்கிக்கு உண்டு என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது.

படி 2: உங்களுக்கு எஃப்.ஐ.யு. பதிவு தேவையா?

2023 மார்ச் 7 முதல் கிரிப்டோ சேவைகள் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பிறருக்காக கிரிப்டோவை ரூபாயாகவோ வேறு கிரிப்டோவாகவோ மாற்றிக் கொடுப்பது, அனுப்பி வைப்பது, பாதுகாத்து வைப்பது, புது டோக்கன் (புதிய கிரிப்டோ நாணயம்) வெளியீட்டுக்கான நிதிச் சேவைகளில் பங்கெடுப்பது இவற்றில் எதைத் தொழிலாகச் செய்தாலும் டெல்லியில் உள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவில், அதாவது எஃப்.ஐ.யு.வில் பதிய வேண்டும். பிளாக்செயின் மென்பொருள் எழுதிக் கொடுத்துவிட்டு ரூபாயில் பில் போடுகிற கம்பெனி இதில் வராது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை ஆடிட்டரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவு தேவைப்பட்டும் இன்னும் கைக்கு வரவில்லையா? கணக்கை இப்போதைக்கு மூலதனம், சம்பளம், வாடகைக்கு மட்டும் பயன்படுத்துவோம், பதிவு முடியும்வரை வாடிக்கையாளர் பணத்தைத் தொட மாட்டோம் என்று கடிதம் கொடுங்கள். கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுங்கள்.

படி 3: பெயரும் இனிஷியலும்

நம் ஊர்க்காரர்கள் இங்கே நிறையவே சிக்குகிறோம். ஆதாரில் "ச. முத்துக்குமார்" என்று இருக்கும். பான் கார்டில் அப்பா பெயரும் சேர்ந்து "முத்துக்குமார் சண்முகம்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அதுவே முன்பின்னாக மாறியிருக்கும். கணினி இவரை மூன்று ஆட்களாகப் பார்க்கும், கே.ஒய்.சி., அதாவது ஆளை அடையாளம் காணும் சரிபார்ப்பு, திரும்பி வரும். கம்பெனியைப் பதிவு செய்வதற்கு முன்பே எல்லா இயக்குநர்களின் ஆதாரையும் பானையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆதாரில் இன்னும் மதுரை, சேலம் முகவரியே இருந்தால் பெங்களூர் முகவரிக்கும் ஒரு சான்று எடுத்து வையுங்கள்.

பத்து சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் எல்லோருடைய விவரத்தையும் வங்கி கேட்கும். பணம் போட்ட மாமாவின் பெயரை மறைக்கப் பார்க்காதீர்கள்.

படி 4: முகவரியும் பெயர்ப்பலகையும்

வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் சம்மதக் கடிதம், இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாகாத பெஸ்காம் மின்சார பில் இவை போதும். வங்கியிலிருந்து ஆள் வந்து வாசலைப் படம் எடுத்துப் போவார். அப்போது கம்பெனியின் பெயரும் முகவரியும் வெளியே தெரிய வேண்டும். வட்டார மொழி எழுத்திலும் பலகை இருக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். எனவே கன்னடத்திலும் எழுதி மாட்டுங்கள்.

படி 5: பணம் போகும் பாதை

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் வங்கியின் கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கு பிட்காயினைப் பற்றிய பாடம் தேவையில்லை. ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும். அதை ஒரு கணக்கோடு இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். உதாரணமாக:

ஒரு வாடிக்கையாளர் எங்கள் தளத்தில் 1,00,000 ரூபாய்க்கு கிரிப்டோ விற்கிறார். எங்கள் கட்டணம் 200 ரூபாய், அதற்கு 18% ஜி.எஸ்.டி. 36 ரூபாய். மீதி 99,764 ரூபாயில் 1% டி.டி.எஸ். என்ற வருமான வரிப் பிடித்தம், சுமார் 998 ரூபாய் பிடித்து அரசுக்குக் கட்டுகிறோம். ஏறக்குறைய 98,766 ரூபாய் அவர் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறது.

கடைசி வரியில் "அவர் பெயரிலேயே" என்று இருப்பதைக் கவனியுங்கள். மூன்றாம் நபரிடமிருந்து பணம் வாங்க மாட்டோம், மூன்றாம் நபருக்கு அனுப்ப மாட்டோம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். வாடிக்கையாளர் பணத்துக்கும் கம்பெனி செலவுக்கும் தனித்தனிக் கணக்கு கேளுங்கள். கம்பெனிக் கணக்கில் பி2பி வியாபாரம், அதாவது முன்பின் தெரியாத ஆட்களோடு நேரடியாக கிரிப்டோ வாங்கி விற்பது, மட்டும் வேண்டவே வேண்டாம். யாரோ ஒருவர் மோசடியில் பணத்தை இழந்து 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் புகார் செய்வார். அந்தப் பணம் நாலு கை மாறி உங்கள் கணக்கில் விழுந்திருந்தால் வேறு மாநிலத்துக் காவல் நிலையத்தின் கடிதத்தில் உங்கள் கணக்கு முடங்கும். சம்பளத் தேதியில் அப்படி நடந்தால் எத்தனை குடும்பம் தவிக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

படி 6: கிளையில்

பதிவுச் சான்றிதழ், கம்பெனியின் அமைப்பு ஆவணமும் விதிகளும் (எம்.ஓ.ஏ., ஏ.ஓ.ஏ.), பான், போர்டு தீர்மானம், இயக்குநர்களின் கே.ஒய்.சி. எல்லாம் வழக்கம் போலத்தான். தொழில் என்ன என்ற கட்டத்தில் "ஐ.டி. சேவை" என்று போட்டுத் தப்பிக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். முதல் மாதப் பரிவர்த்தனையிலேயே உண்மை தெரிந்துவிடும், கணக்கை மூடும்போது நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது. மேலாளரிடம் முதல் சந்திப்பிலேயே கிரிப்டோ என்று சொல்லிவிடுங்கள். முடியாது என்றால் அன்றே தெரிந்துவிடும், அடுத்த வங்கிக்குப் போகலாம்.

படி 7: 180 நாள் கெடு

கம்பெனி பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள், பங்குப் பணம் வந்து சேர்ந்ததைக் காட்டி தொழில் தொடங்குவதற்கான அறிவிப்பான ஐ.என்.சி.-20ஏ படிவத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம், இயக்குநர்களுக்குத் தனி. வங்கி ஒத்திப்போட்டாலும் இந்தக் கெடு நிற்காது. பதிவுப் படிவத்திலேயே ஒரு வங்கியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அந்த வங்கி பின்னால் மறுக்கலாம் என்பதால் இன்னொரு வங்கியிடமும் முன்பே பேசி வையுங்கள். கணக்கு கிடைத்ததும் ஒவ்வொரு பங்குதாரரும் தன் சொந்தக் கணக்கிலிருந்தே பங்குப் பணத்தை அனுப்ப வேண்டும். அது வரவு வைத்த ஸ்டேட்மெண்ட்டை அன்றே இறக்கி ஆடிட்டருக்கு அனுப்பிவிடுங்கள்.