காளான் வித்துப் பதிவு எடுப்பது எப்படி? செட்டிநாட்டு மழைக்காலத்தில் முதல்முறை செய்கிறவர்களுக்கு

ஐப்பசி அடைமழை ரெண்டு நாள் பெய்து, வெயில் லேசாக எட்டிப் பார்த்தால் போதும், காரைக்குடிப் பக்கம் கண்மாய்க் கரை, புளியமரத்தடி, தைலமரத் தோப்பு, பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளின் கொல்லை என்று எங்கே திரும்பினாலும் காளான் நிற்கும். மறுநாள் போனால் பாதி அழுகியிருக்கும், மீதியைப் புழு தின்றிருக்கும். ஆனால் அந்தக் காளான் இனம் பெருக்க உதிர்க்கிற வித்துத்தூளை (ஸ்போர்) ஒரு தாளில் பிடித்து வைத்துவிட்டால் அது வருஷக்கணக்கில் இருக்கும். இன்ன காளான் என்று பிரித்தறிய அந்தத் தூளைப் போல உதவுவது வேறு அதிகம் இல்லை. குடையின் நிறம் மழையில் வெளுக்கும், வெயிலில் கறுக்கும். வித்தின் நிறம் அப்படி மாறாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிடுவதற்குக் காளான் தேடுகிறவர்களுக்காக இதை எழுதவில்லை. வித்தின் நிறத்தை மட்டும் நம்பி எந்தக் காளானையும் வாயில் வைக்காதீர்கள்.

பறிக்கப் போகும்போது

கையில் ஒரு பனையோலைக் கொட்டான் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் சீர்ப் பலகாரம் வைக்கிற அதே கொட்டான்தான். அதில் காற்று போய்வரும், காளான் நசுங்காது. பாலித்தீன் பை வேண்டவே வேண்டாம், ஒரு மணி நேரத்தில் உள்ளே வேர்த்துக் காளான் குழைந்துவிடும். அப்புறம் ஒரு சின்னக் கத்தி, பழைய செய்தித்தாள், பென்சில், துண்டுச் சீட்டு. பேனா வேண்டாம், மழைத்தூறலில் மை கரைந்துவிடும்.

காளானைப் பிடித்து இழுக்காமல் சுற்றி மண்ணைக் கிளறி அடியோடு எடுங்கள். அடிப்பகுதியில்தான் விஷயம் இருக்கிறது. புற்றுக்காளானுக்கு வேர் மாதிரி ஒரு வால் செம்மண்ணுக்குள் நீளமாக இறங்கி, கறையான் வளர்க்கிற பூஞ்சைத் தோட்டம் வரைக்கும் போகும். வைக்கோல் காளானுக்கு அடியில் கிழிந்த கிண்ணம் போல ஒரு உறை இருக்கும். இழுத்தால் இரண்டுமே மண்ணிலேயே தங்கிவிடும். "இடி இடிச்சாத்தான் புத்துக்காளான் வரும், நீ ஏன் தம்பி மழைக்கு முன்னாடியே அலையிற" என்று எதிர்வீட்டு ஆச்சி கேட்பார்கள். முளைக்கிற இடத்தைப் பொறுத்தவரை ஆச்சி சொன்னது ஒரு தடவை கூடத் தப்பியதில்லை. ஊரில் வயதானவர்களைக் கேட்டுவிட்டுப் போங்கள், பாதி அலைச்சல் மிச்சம்.

பறிக்கும் முன் மேலே, பக்கவாட்டில், அடியில் என்று மூன்று படம் எடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போய்ப் பறிக்கக் கூடாது. சொந்தக் கொல்லையும் தெரிந்தவர் தோப்புமே ஆரம்பத்துக்குப் போதும்.

தூள் இறக்குவது

குடை நன்றாக விரிந்த, ஆனால் வாடாத காளானாகத் தேர்ந்தெடுங்கள். மொட்டிலிருந்து தூள் வராது, காய்ந்ததிலிருந்தும் வராது. தண்டைக் குடையோடு ஒட்டி வெட்டிவிட்டு, செவுள் பக்கம், அதாவது குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கிற பக்கம், கீழே இருக்கும்படி தாளில் வையுங்கள். தாள் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருப்பது நல்லது, ஏனென்றால் வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் கண்ணுக்கே தெரியாது. மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற எண்ணம் இருந்தால் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஸ்லைடையும் குடைக்கு அடியில் செருகி வையுங்கள். குடையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடுங்கள். பெரிய குடை என்றால் எவர்சில்வர் கிண்ணம்.

ஏன் மூட வேண்டும், ஏன் ஈரம் வேண்டும்? செவுளின் பரப்பில் குச்சி குச்சியாக நிற்கிற செல்களின் நுனியில் பெரும்பாலும் நான்கு நான்காக வித்து உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வித்தின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்த்துளி திரண்டு, வித்தின் மேல் படிந்திருக்கும் ஈரத்தோடு சட்டென்று சேரும். அந்த வேகத்தில் வித்து தெறித்து விழுகிறது. இதை விரிவாக ஆராய்ந்த புல்லர் என்பவர் பெயரால் அதற்குப் புல்லர் துளி என்றே பெயர். தெறித்த வித்து இரண்டு செவுளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் நேராகக் கீழே இறங்க வேண்டும். அதனால்தான் காற்று படக் கூடாது, மின்விசிறியை நிறுத்த வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும். நான் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் மேல்தான் வைப்பேன், சமமாகவும் இருக்கும், குளிர்ச்சியாகவும் இருக்கும்.

எறும்புதான் பெரிய தொல்லை. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தாளை வையுங்கள். பலகாரச் சட்டியைக் காப்பாற்றுகிற அதே வழி.

சாதாரணக் குடைக்காளானுக்கு ஒரு ராத்திரி போதும், சிலது நாலு மணி நேரத்திலேயே இறங்கிவிடும். மை போலக் கரைந்து ஒழுகுகிற வகைகளை ரெண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள், விட்டால் தாளே கறுத்துப்போகும். மரத்தில் பலகை மாதிரி ஒட்டியிருக்கும் கானோடெர்மாவுக்குச் செவுள் கிடையாது, நுண்ணிய துளைகள்தான். அது ஒரு நாளுக்கு மேலும் எடுக்கும். தென்னைக்குத் தஞ்சாவூர் வாடல் நோயைக் கொண்டுவருவது இந்த இனம்தான், பட்டுப்போன மரத்தடியில் இலைகள் மேல் கோகோ பொடி தூவியது போலப் படிந்திருந்தால் அது இதன் வித்து.

காலையில் திறக்கும்போது

டம்ளரை நேராக மேலே தூக்குங்கள், பக்கவாட்டில் நகர்த்தாதீர்கள். குடையையும் அப்படியே. போன வருஷம் வீட்டு முன் புல்தரையில் முளைத்த பெரிய வெள்ளைக் காளான் ஒன்றை வைத்திருந்தேன். செவுளும் வெள்ளைதான், பார்க்க அவ்வளவு சாதுவாக இருந்தது. காலையில் எடுத்துப் பார்த்தால் நடுவில் தண்டு இருந்த இடம் மட்டும் வெறுமையாக, அதைச் சுற்றிச் சக்கரத்து ஆரம் போல மெல்லிய கோடுகள், அத்தனையும் பாசிப்பச்சை. பச்சைத்தூள் விடுகிற குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ். சாப்பிட்டால் கடுமையான வாந்தியும் பேதியும் எடுக்கும். செவுள் முற்றிய பிறகுதான் பச்சையாகத் திரும்பும், இளசாக இருக்கும்போது தூள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று. வைக்கோல் காளானுக்கும் அமனிட்டா இனத்துக்கும் அடியில் உறை உண்டு, இளசில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். வைக்கோல் காளானின் தூள் இளஞ்சிவப்பு, அமனிட்டாவின் தூள் வெள்ளை. அமனிட்டாவில் ஆளைக் கொல்கிற இனங்கள் இருக்கின்றன. மற்றபடி புற்றுக்காளானுக்கு வெளிர் ரோஜா நிறம், கடையில் விற்கிற பட்டன் காளான் குடும்பத்துக்குச் சாக்லேட் பழுப்பு, பால் காளானுக்கு வெள்ளை. காட்டுக்குப் போக வழியில்லாதவர்கள் சந்தையில் நன்றாக விரிந்த பால் காளான் ஒன்றை வாங்கி, கறுப்புத் தாளில் பழகலாம். நம் பக்கத்து அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய ஏபிகே 2 என்ற ரகம் அந்தக் காளானில்தான் வந்தது.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளில், தூள் தடிமனாக இருக்கிற இடத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் ரோஜாவும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும்.

சீட்டு எழுதாமல் மூடாதீர்கள்

முதல் வருஷம் நான் ஆறு பதிவு எடுத்தேன். தேதி மட்டும் எழுதி ஒரு சம்படத்தில் போட்டு வைத்தேன். தை மாதம் திறந்தபோது மூன்று பழுப்புத் தூள்களில் எது புளியமரத்தடி, எது வைக்கோல் போர் என்று எனக்கே தெரியவில்லை. ஆறையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று, இன்று வரை வருத்தம்தான். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், தேதி, ஊர், இடம், எதன் மேல் முளைத்தது, பக்கத்தில் என்ன மரம், வாசனை, வெட்டினால் நிறம் மாறியதா என்பதையெல்லாம் அன்றைக்கே எழுதுங்கள்.

தாளை ரெண்டு மூன்று மணி நேரம் நிழலில் உலர விட்டு, தூள் உள்பக்கம் வரும்படி மடித்து, காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அதே இடத்தில் பறித்த இன்னொரு காளானையும் நீளவாக்கில் வெட்டி உலர்த்தி, அதே எண்ணைப் போட்டு வைக்க வேண்டும். காளான் இல்லாத தூள் ஆராய்ச்சிக்குப் பாதிதான் பயன்படும். மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது, அட்டைப்பெட்டிக்குள் கம்பி வலை கட்டி, கீழே ஒரு குண்டு பல்பை அட்டையில் படாமல் எரியவிட்டு, ஆள் இருக்கும்போது மட்டும் உலர்த்துங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தூளைக் கையாளும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

மைக்ரோஸ்கோப்பில்

ஊசி முனையால் துளியூண்டு தூள் எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து, கவர்ஸ்லிப் என்கிற மெல்லிய கண்ணாடிச் சில்லைப் போட்டு, 400 மடங்கில் பாருங்கள். மைக்ரோஸ்கோப்புக்கென்றே உள்ள இம்மர்ஷன் ஆயில் போட்டு 1000 மடங்கில் பார்த்தால் சுவரும் சொரசொரப்பும் தெரியும். வித்து பெரும்பாலும் 5 முதல் 15 மைக்ரான் நீளம், ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். கண்வில்லையில் அளவுகோல் இருந்தால் முதலில் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரோடு (அளவு பொறித்த கண்ணாடி ஸ்லைடு) ஒப்பிட்டுச் சரிசெய்துவிட்டு, குறைந்தது 20 வித்துகளின் நீளமும் அகலமும் எழுதுங்கள். ஒன்றிரண்டை அளந்து சராசரி சொல்லக் கூடாது. செவுளைச் சுரண்டி எடுத்தால் முற்றாத வித்தும் கலந்துவிடும், தானாக உதிர்ந்த தூளில்தான் அளவு சரியாக வரும். கானோடெர்மா வித்தை ஒரு தடவை பாருங்கள்: ரெட்டைச் சுவர், ஒரு முனை வெட்டிவிட்டது போலத் தட்டையாக இருக்கும், வேறு எதோடும் குழம்பாது.

அயோடின் கலந்த மெல்ஸர் திரவம் போட்டால் சில வெள்ளை வித்துகள் கருநீலமாகும், சிலது செம்பழுப்பாகும். அதில் குளோரல் ஹைட்ரேட் இருப்பதால் வீட்டில் தயாரிக்க முயல வேண்டாம், கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

இந்த ஐப்பசியில் என்னிடம் பதினான்கு உறை சேர்ந்திருக்கிறது. பதினொன்றுக்குப் பேரினம் வரை வந்துவிட்டேன். மற்ற மூன்றும் வெள்ளைத் தூள், ஒரே முந்திரித் தோப்பு, மூன்று வெவ்வேறு குடை. அவற்றை உலர்ந்த காளானோடும் படங்களோடும் ஒரு தனி டப்பாவில் வைத்திருக்கிறேன், கார்த்திகை மழையில் அதே மரத்தடிக்குப் போய் இன்னும் ரெண்டு ரெண்டு எடுக்க வேண்டும்.